இடது கையால் எழுதிய விடைத்தாள்

சாமுண்டீஸ்வரியக்காவை பாஸ் போட்டது நான்தான். பரீட்சையில் அவள் பெயில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துக் கடைசியில் சொன்னால், இவள் தன் மேல் பழி வராமல் பார்த்துக்கொள்கிறாள் என்று நினைப்பீர்கள். பழி என் மேல்தான்.

என் பெயர் வித்யா. அப்பா ஆவடி டாங்கி பாக்டரியில் இருந்தார், நான் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். கல்யாணமாகி வந்தது திருமுல்லைவாயிலுக்கு. வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். வாயும் ஜாஸ்தி, கோபமும் ஜாஸ்தி என்று என் மாமியாரிடம் கேட்டால் சொல்வார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருக்கோடி பள்ளிக்கூடத்தில் முதியோர் எழுத்தறிவு மையம் ஆரம்பித்தார்கள். சாயங்காலம் ஆறரையிலிருந்து எட்டு வரை வகுப்பு. பாடம் எடுக்க ஆள் வேண்டும், சம்பளம் கிடையாது, தன்னார்வலர் என்று கழுத்தில் ஓர் அட்டை மட்டும் தொங்கும் என்றார்கள். சும்மா டிவி பார்ப்பதற்கு இது மேல் என்று போனேன்.

மையத்துக்கு அரசாங்க நிதியில் வந்தது, ஆளுக்கு ஒரு புத்தகம், ஒரு சிலேட்டு, நோட்டு, பென்சில். வகுப்பறைக்குக் கூடுதலாக இரண்டு ட்யூப் லைட். இவ்வளவுதான். இருந்தாலும் அந்த இரண்டு லைட்டு எரிந்தால்தானே ஆள் வரும்? வந்தார்கள். மொத்தம் இருபது பேர், முக்கால்வாசி அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளில் கூட்டித் துடைக்கிற பெண்கள்.

முதல் நாள் எல்லோரையும் எழுப்பி, எதற்குப் படிக்க வந்தீர்கள் என்று கேட்டேன். பஸ் போர்டு படிக்க என்றாள் ஒருத்தி. பாங்கில் கைநாட்டு வைக்க வெட்கமாக இருக்கிறது என்றாள் இன்னொருத்தி. கடைசி பெஞ்சிலிருந்த சாமுண்டீஸ்வரியக்கா எழுந்து வந்து, ஜாக்கெட்டுக்குள்ளிருந்து செல்போனை எடுத்து என்னிடம் காட்டினாள். கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்றின் போட்டோ. குண்டு குண்டான அழகான கையெழுத்து.

"இத்த படிக்கணும் டீச்சர். நானே படிக்கணும்" என்றாள்.

எழுதியது அவள் மகள் மதிவதனி. பிறந்ததிலிருந்து காது கேட்காது, பேச்சும் வராது. ஆறு வயதில் காது கேளாதோர் விடுதிப் பள்ளியில் சேர்த்து, அங்கேயே பத்தாவது வரை படித்தாள். எழுத்து அங்கே வந்தது. அம்மாவுக்கும் மகளுக்கும் வீட்டில் வெறும் சைகைதான். சோற்றுக்கு ஒரு சைகை, தண்ணீருக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று, அப்பா குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்பதற்கு ஒன்று. மனசு சரியில்லை என்பதற்கு அவர்களிடம் சைகை கிடையாது. அதற்கெல்லாம் மதிவதனி எழுதித்தான் காட்டுவாள். எழுதியதை அம்மா யாரிடமாவது கொண்டுபோய்ப் படிக்கச் சொல்ல வேண்டும்.

மையம் ஆரம்பிப்பதற்கு முந்தின வருஷம் அவளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை தினகரன் வேம்புலியண்ணனின் தூரத்து உறவு, பனியன் கம்பெனியில் வேலை, காது நன்றாகக் கேட்கும். வேம்புலியண்ணன் என்றால் அக்காவின் புருஷன். அவருக்கும் எழுத்து தெரியாது. மகள் நோட்டில் எழுதி, அதைப் போட்டோ பிடித்து அனுப்புவாள். அக்கா அதை எடுத்துக்கொண்டு தெருமுனை பால்ராஜ் மளிகைக் கடைக்குப் போவாள். பால்ராஜுக்குக் குரல் கணீரென்று இருக்கும். ஒருநாள் கடையில் ஏழெட்டுப் பேர் நிற்கும்போது, 'அம்மா, எனக்கு இந்த முறை மாதவிடாய் வரவில்லை' என்ற வரியை அவர் சத்தமாகப் படித்துவிட்டார். நின்றவர்கள் சிரித்தார்கள். அது எப்படியோ உறவுக்காரர்கள் வாய் வழியாகத் திருப்பூர் வரைக்கும் போய்விட்டது. அதற்கப்புறம் மதிவதனி எழுதியதெல்லாம் ஒரே மாதிரிதான். நலம். சாப்பிட்டேன். மழை.

"அவ நெஞ்சுல இருக்கிறது எதுவும் எங்கிட்ட வர மாட்டேங்குது டீச்சர். ஊரே பட்ச்சிட்டு எனக்கு சொல்லுது. வீடியோ போட்டா மாமியாகாரி பக்கத்துல குந்திக்கினு கீது. நான் பட்ச்சிட்டேன்னு வெச்சிக்கோ, அவ எல்லாத்தியும் எழுதுவா."

"ஆறே மாசத்துல படிக்க வெக்கிறேன்க்கா" என்று வீராப்பாகச் சொன்னேன். வாய் ஜாஸ்தி என்றேன் இல்லையா, அதுதான் இது.

ஆறு மாசத்தில் வரவில்லை. காலையில் ஐந்தரைக்குக் கிளம்பிப் போய், எஸ்டேட் முழுக்கக் குனிந்து பெருக்கிவிட்டு வருகிற உடம்பு. எழுத்து ஒவ்வொன்றாகக் கேட்டால் சொல்வாள். நாலு எழுத்தைச் சேர்த்து வைத்தால் மூன்றாவது எழுத்துக்குப் போவதற்குள் முதல் எழுத்து மறந்துவிடும். ஏழரைக்கு மேல் தலை சிலேட்டில் சாயும். எழுப்பினால், "தூங்கல டீச்சர், யோசிச்சிக்கினு கீறேன்" என்பாள்.

எங்கள் புத்தகத்தில் இரண்டாவது பாடம் ஓரெழுத்துச் சொற்கள். வா, போ, பூ, தீ, கை. அது மட்டும் அவளுக்கு ஒரே நாளில் வந்துவிட்டது. அன்றைக்கு அவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! சிலேட்டில் பெரிதாக 'வா' என்று எழுதிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் படுத்திருந்த நாயின் முன்னால் நீட்டினாள். நாய் எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. "பாத்தியா, நாய்க்குக் கூட என் கையெழுத்து புரியுது" என்றாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

பரீட்சை மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதற்கு முந்தின வாரம் மேற்பார்வையாளர் இருதயராஜ் சார் மையத்துக்கு வந்தார். நல்ல மனுஷன், சட்டைப்பையில் எந்நேரமும் சர்க்கரை மாத்திரை வைத்திருப்பார். பத்து மையங்களை ஓட்டுகிறவர்.

"வித்யாம்மா, ஒரு பேப்பரும் காலியாப் போகக் கூடாது. பாஸ் குறைஞ்ச மையத்துக்கு அடுத்த வருஷம் நிதி கிடையாதாம். மேல சொல்லிட்டாங்க. பாத்துக்கங்க."

பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் என்ன என்று எல்லா மையத்துக்காரர்களுக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது.

பரீட்சை அன்று அக்கா முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாள். தலைக்குக் குளித்து, பட்டுச்சேலை கட்டியிருந்தாள். பெயர் எழுதினாள். அம்மா, படம், வா, போ எழுதினாள். படத்தைப் பார்த்துப் பெயர் எழுதுவதில் இரண்டு எழுதினாள். மூன்றாவது பக்கத்தில் ஒரு சின்னக் கடிதம் கொடுத்து, படித்து விடை எழுதச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பக்கத்தை ஒன்றரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். மணி அடித்ததும் தாளை என்னிடம் கொடுத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், என்னிய பெயில் போடு."

"என்னக்கா சொல்றீங்க?"

"பெயில் ஆனவங்கள அடுத்த வருஷமும் ஒக்கார வெப்பாங்கன்னு நீதான சொன்ன? எனக்கு இன்னும் ஒரு வருஷம் வோணும். இப்ப வர்ற மாதிரி கீது, கிட்ட வந்து வந்து போவுது. பெயில் போட்டுடு, நான் இன்னா கோச்சிக்கவா போறேன்?"

சரி சரி, போய்ட்டு வாங்க என்று அனுப்பினேன்.

எல்லோரும் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டோம். நான், இருதயராஜ் சார், பக்கத்து மையத்துப் பெண் ஒருத்தி. பதினோரு தாள்கள் காலியாகவோ அரைகுறையாகவோ இருந்தன. அவற்றை நிரப்பினோம். வலது கையில் எழுதினால் கையெழுத்து பழகின கை மாதிரித் தெரியும் என்று இடது கையால் எழுத வேண்டும். எல்லா மையத்திலும் அதுதான் பழக்கமாம். இடது கையில் பென்சிலைப் பிடித்துக் கோணல் மாணலாக எழுதினால் அசல் முதியோர் கையெழுத்து. அக்காவின் தாளை எடுத்தபோது இருதயராஜ் சாரிடம் கேட்டேன்.

"சார், இவங்க பெயில் போடச் சொன்னாங்க. ஒண்ணே ஒண்ணு விட்டுடலாமா?"

"ஒண்ணு விட்டா நூறு சதவீதம் போச்சேம்மா. மையம் இருந்தாத்தானே அவங்களே அடுத்த வருஷம் வந்து உக்கார முடியும்? சும்மா வந்து உக்காரட்டும், யாரு வேணாங்கறா" என்றார்.

நியாயமாகத்தான் பட்டது. மூன்றாவது பக்கத்தை நான் இடது கையால் நிரப்பினேன். நூற்றைம்பதுக்கு நூற்றுப் பன்னிரண்டு போட்டோம். ரொம்பவும் போட்டால் சந்தேகம் வரும் பாருங்கள்.

ஏப்ரல் கடைசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா நடந்தது. எங்கள் மையம் நூறு சதவீதம் என்று எனக்கு ஒரு கேடயம். அக்காவின் பெயரைக் கூப்பிட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். மேடையில் அதை வாங்கும்போது அவள் என்னைத்தான் பார்த்தாள். கீழே இறங்கி வந்து, "இது யாரு எழுதுனது டீச்சர்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நீங்கதான்க்கா எழுதினீங்க. பயத்துல உங்களுக்கே ஞாபகம் இல்ல" என்றேன். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள், வேறென்ன சொல்ல?

வேம்புலியண்ணன் அந்தச் சான்றிதழுக்குச் சட்டம் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். தெருவில் நின்று, "எம் பொண்டாட்டி பட்ச்சவ" என்று எல்லோரிடமும் சொன்னார். சான்றிதழைப் போட்டோ பிடித்து அன்றைக்கே மகளுக்கும் அனுப்பிவிட்டார்.

மே மாதம் மையம் மூடப்பட்டது. காரணத்தைக் கேளுங்கள். எங்கள் பகுதியில் எழுதப் படிக்கத் தெரியாதவர் இனி ஒருவரும் இல்லையாம். இருதயராஜ் சாரைப் பிடித்துச் சண்டை போட்டேன்.

"பாஸ் கொறஞ்சா நிதி கட்டுன்னீங்க. இப்ப எல்லாரும் பாஸ்னு நிதி கட்டுங்கறீங்க. என்ன சார் நியாயம் இது?"

"நானும் அதையேதாம்மா மேல கேட்டேன். பேப்பர் படி உங்க ஏரியாவுல கத்துக்க வேண்டிய ஆளு பூஜ்யம். பூஜ்யத்துக்கு எப்படிம்மா நிதி ஒதுக்குவாங்க? பூஜ்யம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தது நாமதானே" என்றார். சொல்லிவிட்டுச் சட்டைப்பையைத் துழாவி மாத்திரையை எடுத்தார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். கூடுதலாகப் போட்ட ட்யூப் லைட் இரண்டையும் கழற்றிக்கொண்டு போனார்கள். சிலேட்டுகளை ஒரு சாக்கில் கட்டி எடுத்துப் போனார்கள்.

அதற்கு ஒரு வாரம் கழித்து அக்கா என் வீட்டுக்கு வந்தாள். டியூஷன் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்த நேரம், அடுப்பில் குழம்பு வேறு. வாசலில் நின்றபடியே, "கிளாசு மறுபடி தொறப்பாங்களா டீச்சர்?" என்றாள். கையில் செல்போன் இருந்தது. திரையில் ஏதோ போட்டோ. அதை நான் பார்த்தேன். பார்த்தும், எனக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பார்த்தால் அந்த மூன்றாவது பக்கம் ஞாபகம் வந்தது.

"அதான் சர்டிபிகேட் வாங்கியாச்சேக்கா. இனிமே நீங்களா பழகப் பழக வந்துடும். எல்லாத்துக்கும் என்னையே கேட்டா?" என்று எரிந்து விழுந்தேன்.

"சரி டீச்சர்" என்று போய்விட்டாள். குழம்பு தீய்ந்துபோனதற்கும் சேர்த்து அன்றைக்கு அவளைத்தான் மனசுக்குள் திட்டினேன்.

மறுபடி அவள் வந்தது ஆகஸ்ட் கடைசியில். ஞாயிற்றுக்கிழமை பகல். சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த சான்றிதழை ஆணியிலிருந்து கழற்றி, ஒரு துணிப்பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். கூடத்தில் தரையில் உட்கார்ந்து, பையை என் பக்கம் தள்ளினாள்.

"இது உன்னுது. நீ வெச்சிக்கோ. எனக்கு இத்த மட்டும் பட்ச்சி சொல்லு" என்று செல்போனைக் கொடுத்தாள். "நாப்பது நாளா அவகிட்டேர்ந்து ஒண்ணும் வர்ல. வீடியோ போட்டா எடுக்கறதில்ல. மாப்ளைக்கு போன் அடிச்சா, நல்லாத்தான் கீறான்னு வெச்சிடறாரு."

மொத்தம் ஒன்பது தாள். ஒவ்வொரு தாளுக்கும் கீழே அக்கா அனுப்பிய பதிலும் போட்டோவாக இருந்தது. எங்கள் மையத்து நோட்டில், பென்சிலில், அவள் கையெழுத்து.

"இத்தனை நாள் ஏன்க்கா யார்கிட்டயும் காட்டல?"

"மொதோ தாளு வந்தப்ப உங்கிட்டத்தான் வந்தேன். அப்பால பால்ராஜுகிட்ட போனேன். இன்னா சாமுண்டீசுரி, பட்ச்சவங்க எங்கிட்ட ஏன் வர்றீங்கன்னாரு. எனக்கு மானம் போச்சு டீச்சர். அந்தாள்கிட்ட சர்டிபிட்டு பொய்னு சொல்ல முடியுமா? எம் புருஷன் தெருவெல்லாம் சொல்லிவெச்சிருக்கு. நானா பட்ச்சிடலாம்னு தெனிக்கும் குந்தினேன். அங்கங்க ஒரு எழுத்து புரியும். அதுக்குள்ள அடுத்த தாளு வந்துடும். அவ பதிலுக்குக் காத்துகினு இருப்பாளேன்னு, தெரிஞ்சத எழுதி அனுப்சேன்."

அவளுக்குப் பார்க்காமல் எழுத வருவது நாலைந்து வார்த்தை. சரி. சாப்பிடு. நல்லா இரு. ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்பினால் மகள் கண்டுபிடித்துவிடுவாள் என்று மாற்றி மாற்றி அனுப்பியிருக்கிறாள்.

படிக்க ஆரம்பித்தேன். மதிவதனி எழுதுவது நம் பேச்சு மாதிரி இருக்காது. காதால் கேட்டிருந்தால்தானே! புத்தகத்தில் இருப்பது போலவே எழுதுவாள்.

முதல் தாள். 'அம்மா, நீ தேர்ச்சி பெற்றாய் என்று அப்பா படம் அனுப்பினார். நான் அழுதேன். இனி உனக்கு எல்லாம் எழுதுவேன். யாரிடமும் காட்டாதே. நீயே படி.'

கீழே அக்காவின் பதில்: சரி.

அக்கா சிரித்தாள். "அழுதாளா?" என்று கேட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்தது படி."

இரண்டாவது தாளில் மாமியார் வைக்கிற சாம்பார், பக்கத்து வீட்டுப் பூனை. மூன்றாவது தாள். 'அம்மா, எனக்கு இரண்டு மாதம். இங்கே இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். நீ வருவாயா?' பதில்: நல்லா இரு.

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. "முழுகாம இருந்தாளா?" என்றாள்.

ஐந்தாவது தாள். 'இரத்தம் வருகிறது. பயமாக இருக்கிறது. அத்தை ஆஸ்பத்திரி வேண்டாம், படுத்தால் சரியாகும் என்கிறார். அம்மா, நான் என்ன செய்ய வேண்டும்?' பதில்: சாப்பிடு.

நான் நிறுத்தினேன். இதற்கு மேல் இரண்டு தாளைத் தாண்டிவிடலாமா என்று யோசித்தேன். ஏதாவது இட்டுக்கட்டிச் சொன்னால் இவளுக்குத் தெரியவா போகிறது? அந்த யோசனை வந்ததற்காகவே என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஒருமுறை அவளுக்குப் பதிலாக நான் எழுதியதில்தான் இத்தனையும் வந்தது.

"உடாம படி டீச்சர்" என்றாள் அக்கா. குரல் ரொம்ப அடங்கியிருந்தது.

ஆறாவதும் ஏழாவதும் படித்தேன். குழந்தை தங்கவில்லை. வேலைக்குப் போகாமல் படுத்துக்கிடக்கிறாள் என்று தினகரன் கை நீட்டியிருக்கிறான். எட்டாவது தாளில் எழுத்து சின்னதாகி, கோட்டை விட்டு இறங்கியிருந்தது. 'அம்மா, நான் நம் வீட்டுக்கு வந்துவிடட்டுமா? உனக்கு எழுத நேரம் ஆகும் என்று தெரியும். நீளமாக எழுத வேண்டாம். வா என்று ஒரே ஓர் எழுத்து எழுது. போதும். ரயில் ஏறிவிடுவேன்.'

அதற்கு அக்காவின் பதில்: நல்லா இரு.

ஒன்பதாவது தாளில் இரண்டே வார்த்தை. 'சரி அம்மா.'

அக்கா செல்போனை வாங்கி, எட்டாவது தாளை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். வெகுநேரம் தேடினாள். கடைசியில் ஓரிடத்தில் விரலை வைத்தாள். அது 'வா'தான்.

"இது எனக்குத் தெரியுமே டீச்சர்" என்றாள். "ரெண்டாவது பாடம். இது எனக்கு எழுத வருமே."

அப்புறம் அழுதாள். வாயைப் பொத்திக்கொண்டு, உடம்பு குலுங்க அழுதாள். நானும் அழுதேன், ஆனால் என் அழுகைக்கு அங்கே என்ன மரியாதை இருக்கிறது. பையிலிருந்த சான்றிதழ் சாய்ந்து விழுந்து கிடந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று டியூஷன் பிள்ளைகளுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலை ரயிலில் இருவரும் திருப்பூர் போனோம். வேம்புலியண்ணனிடம் மகளைப் பார்க்கப் போகிறோம் என்று மட்டும் சொன்னோம். வழி முழுக்க அக்கா நோட்டில் ஒரே எழுத்தைத்தான் எழுதிக்கொண்டு வந்தாள். வா, வா, வா. ஒரு பக்கம் முழுக்க. அரக்கோணம் தாண்டியதும், "சுழி சரியா கீதா பாரு" என்று என்னிடம் காட்டினாள். சரியாகத்தான் இருந்தது.

வரிசை வீடுகளில் நாலாவது வீடு. மதிவதனி வாசலில் உட்கார்ந்து பனியன் துணியில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் வருகிற சத்தம் அவளுக்குக் கேட்காது. எங்கள் நிழல் மடியில் விழுந்ததும்தான் நிமிர்ந்தாள். கன்ன எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அம்மாவைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. அக்கா அவள் முன்னால் உட்கார்ந்து கன்னத்தைத் தொட்டாள். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமியார் உள்ளேயிருந்து வந்து, "வாங்க சம்மந்தி, நல்லாத்தான இருக்கா" என்று சொல்லிக் காபி போடப் போனார்.

நான் என் நோட்டில் எழுதினேன். வலது கையால், தெளிவாக. 'உன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அவர் பெயில் போடச் சொன்னார். விடைத்தாளை எழுதியது நான். நீ எழுதியதை நேற்றுதான் நான் படித்துச் சொன்னேன். தப்பு என்னுடையது.'

மதிவதனி அதைப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இருபத்து நாலு வயதுப் பெண்ணின் பார்வையா அது! நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் பென்சிலை வாங்கி அதன் கீழேயே வேகமாக எழுதினாள். 'எனக்கு அம்மா மட்டும்தான் இருந்தார். மூன்று மாதம் அம்மாவிடம் பேசினேன் என்று நினைத்தேன். யாரிடமும் பேசவில்லை.'

இதை அக்காவுக்குப் படித்துச் சொன்னேன். அக்கா அவசர அவசரமாகத் தன் நோட்டை எடுத்தாள். ரயிலில் எழுதிய பக்கத்தை அவள் முன்னால் விரித்தாள். வா, வா, வா என்று விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். பிறகு ஒரு புதுத் தாளில் பெரிதாக, பக்கம் முழுவதற்கும் ஒரே ஒரு 'வா' எழுதி நீட்டினாள்.

மதிவதனி அந்தத் தாளை வாங்கினாள். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் சொட்டி ஒரு ஓரம் நனைந்தது. எழுந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். அவள் பென்சிலை எடுத்து, 'வா'வுக்குக் கீழே அதே அளவில் ஓர் எழுத்து எழுதினாள். அம்மாவுக்குப் புரிய வேண்டும் என்று பெரிதாக, நிறுத்தி எழுதினாள். தாளை அம்மாவின் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கதவைத் தட்டிப் பிரயோஜனமில்லை, அவளுக்குக் கேட்காது. வெயில் இறங்கும் வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தோம். மாமியார் வைத்த காபி ஆறி ஏடு கட்டியது.

பஸ் நிலையத்தில் சென்னை வண்டிக்குக் காத்திருந்தபோது, அக்கா மடித்து வைத்திருந்த தாளை எடுத்துப் பிரித்தாள். நான் கை நீட்டினேன். பழக்கதோஷம். அவள் கொடுக்கவில்லை.

"இதுக்கு நீ வோணாம் டீச்சர்" என்றாள். கீழே இருந்த எழுத்தின் மேல் விரலை வைத்தாள். "போ. இத்த நானே பட்ச்சிட்டேன்."